நிலத்தின் நினைவும் நகரத்தின் திட்டமும்: கண்டியின் மாசுற்ற நிலங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நகரத் திட்டமிடல் எதிர்காலத்தை நோக்கிய ஒரு முயற்சி என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. திட்டமிடுவோர் வரையும் படங்களில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு நிறம் உண்டு. குடியிருப்புக்கு ஒன்று, வர்த்தகத்துக்கு ஒன்று, கைத்தொழிலுக்கு ஒன்று என அவை அமையும். அக்காணி நாளை எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை அந்நிறம் கூறும். நேற்று எதற்குப் பயன்பட்டது என்பதைக் கூறாது. புதிய நிலத்தைப் பொறுத்தவரை இது பெருங்குறையன்று. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தொழிலும் போக்குவரத்தும் கழிவும் தங்கிய நிலத்தைப் பொறுத்தவரை நேற்றைய பயன்பாடே நாளைய பயன்பாட்டின் எல்லையை நிர்ணயிக்கின்றது. மண்ணுள் ஊறிய எண்ணெயும் கால்வாயில் படிந்த சேறும் வரைபடத்தின் நிறம் மாறியதனால் அகன்றுவிடுவதில்லை.

இவ்வாறு மாசுற்ற நிலங்களை மீளபிவிருத்தி செய்வதும் வலயப்படுத்துவதும் இன்று உலகெங்கும் ஆராயப்படும் பிரச்சினைகளாகும். பெரும்பாலும் அவை பொறியியலாளர்க்கும் இரசாயனவியலாளர்க்கும் உரியனவாகவே கொள்ளப்படுகின்றன. கண்டி மாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவை அடிப்படையில் வரலாற்றுப் பிரச்சினைகளும் சமூகப் பிரச்சினைகளுமாகும் எனக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். நிலத்தின் முன்வரலாற்றைப் பதிவுசெய்யாத திட்டம், அந்நிலத்தில் உழைத்தோரின் உரிமையையும் பதிவுசெய்யாது விடுகின்றது என்பதே நாம் இங்கு முன்வைக்கும் கருத்தாகும்.

கண்டியைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட இப்புனித நகரத்தை ஆலைகளோடும் நச்சுக் கழிவுகளோடும் இணைத்து நோக்கும் வழக்கம் இல்லை. தலதா மாளிகையும் வாவியும் பெரஹராவுமே நம் மனத்தில் தோன்றுகின்றன. எனினும் அவ்வழகின் மறுபக்கமாக ஓர் அழுக்கின் புவியியலும் இந்நகரில் வளர்ந்து வந்துள்ளது. அது இயற்கையாக அமைந்ததன்று. குறிப்பிட்டதொரு பொருளாதார அமைப்பின் விளைவாக உருவானது.

மன்னரின் நகரும் குடியேற்ற ஆட்சியின் நகரும்

கண்டி நகரம் மலைகளாற் சூழப்பட்ட ஒரு பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. இன்று நாம் காணும் வாவி இயற்கையான ஏரியன்று. கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் தொடங்கி, வயல் நிலத்தை அணைகட்டி நீர்ப்பரப்பாக்கினான். இராஜகாரிய முறையிலமைந்த கட்டாய உழைப்பே அதனை ஆக்கிற்று. நகரின் அழகு ஊதியமற்ற உழைப்பின்மீது எழுந்தது என்பதை இத்தொடக்கமே உணர்த்துகின்றது.

வாவிக்கு மேற்கே போகம்பரை என்ற மற்றொரு குளமும் இருந்தது. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிய கண்டி ஒப்பந்தத்தின் பின்னர் இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறியது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் தலைவனாகிய கெப்பெட்டிபொல போகம்பரைக் குளத்தின் அருகிலேயே தலை துணிக்கப்பட்டான். பின்னர் அக்குளம் தூர்க்கப்பட்டுத் திடலாயிற்று. அதன் அயலில் 1876இல் போகம்பரைச் சிறைச்சாலை எழுப்பப்பட்டது. நீர் வடியும் தாழ்நிலம் முதலில் தண்டனைக்கும், பின்னர் போக்குவரத்துக்கும் வர்த்தகத்துக்கும் உரிய இடமாக மாற்றப்பட்டமை கவனத்துக்குரியது. மேட்டு நிலத்தில் ஆள்வோரின் இல்லங்களும் தேவாலயங்களும் பாடசாலைகளும் எழுந்தன. தாழ்நிலத்திற் சந்தையும் சிறையும் பண்டசாலையும் அமைந்தன. வலயப்படுத்தல் என்ற சொல் சட்டப் புத்தகத்திற் புகுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டியில் வலயங்கள் தோன்றிவிட்டன எனலாம்.

கோப்பியும் புகையிரதமும் கால்வாயும்

கண்டியின் பொருளாதார வாழ்வை அடியோடு மாற்றியது கோப்பிப் பயிர்ச்செய்கையாகும். 1820களில் கம்பளைப் பகுதியிலும் கன்னொருவையிலும் தொடங்கிய இப்பயிர்ச்செய்கை, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டத்தின் துணையோடு மலைநாடெங்கும் பரவியது. கிராம மக்களின் சேனை நிலங்களும் காடுகளும் முடிக்குரியனவாக்கப்பட்டுத் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. 1854இல் தோட்டச் சொந்தக்காரரின் சங்கம் கண்டியிலேயே நிறுவப்பட்டது. அரச தலைநகராக இருந்த இடம் தோட்ட மூலதனத்தின் தலைநகராயிற்று.

மாட்டுவண்டியில் வாரக்கணக்காகப் பயணம் செய்த கோப்பியைத் துறைமுகத்துக்கு விரைவாகக் கொண்டு செல்லும் தேவையே புகையிரதப் பாதையைக் கொணர்ந்தது. 1867இல் அது கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராகப் பயிரிடத் தொடங்கினார். இரண்டாண்டுகளின் பின், 1869இல், கோப்பி இலைகளைத் தாக்கும் நோய் இனங்காணப்பட்டது. 1880களில் கோப்பி வீழ்ச்சியுற்றது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியபோதிலும் பாதை மாறவில்லை. நகரின் தாழ்நிலத்தில் புகையிரத நிலையமும் பண்டசாலையும் நிலைபெற்றன. இன்றும் அவ்விடத்துப் பஸ் நிலையத்தை மக்கள் 'குட்செட்' என்றே வழங்குகின்றனர். திட்டப் படங்கள் மறந்துவிட்ட வரலாற்றை மக்களின் வழக்குச் சொல் காத்து வைத்துள்ளமைக்கு இதுவொரு சான்றாகும்.

இத்தாழ்நிலத்தின் ஊடாகவே மெத எல என்னும் கால்வாய் ஓடுகின்றது. வாவியிலிருந்து வழியும் நீரைப் பெற்றுச் சந்தையையும் பஸ் நிலையங்களையும் புகையிரத முற்றத்தையும் கடந்து, கெட்டம்பேயில் மகாவலி கங்கையோடு அது கலக்கின்றது. நகரின் கழிவுநீர் முழுவதையும் ஏற்கும் வடிகாலாக இது மாறியது தற்செயலன்று. போக்குவரத்தும் தொழிலும் நீர் வடியும் நிலத்தில் அமைந்ததால், அவற்றின் கழிவும் அந்நீரிலேயே சேர்ந்தது. நிலக்கரிச் சாம்பல், இயந்திர எண்ணெய், மரக்கட்டைகளுக்குப் பூசப்படும் தார் எண்ணெய் ஆகியன புகையிரத நிலங்களில் உலகெங்கும் காணப்படும் மாசுகளாகும். மோட்டார் வாகனங்கள் பெருகியபின் வாகனங்களைக் கழுவும் இடங்களும் திருத்தகங்களும் அதே வழியோரத்தில் எழுந்தன. வைத்தியசாலை, உணவகம், விடுதி, வீடு ஆகியவற்றின் கழிவும் சேர்ந்துகொண்டது. 1999ஆம் ஆண்டு மே மாதத்தில் வாவியிலேயே நீலப்பச்சைப் பாசிகள் பெருகி நீர் நிறம் மாறியபோதுதான் நகரின் கழிவுநீர்ப் பிரச்சினை பலரது கவனத்தை ஈர்த்தது. கால்வாயின் ஓரத்தில் வாழ்ந்தோர் அதனைப் பல ஆண்டுகளாகவே அறிந்திருந்தனர். வாவி உல்லாசப் பயணிகளின் கண்ணிற் படுவது, கால்வாய் படாதது. மாசு எப்போது பிரச்சினையாகக் கருதப்படுகின்றது என்பதும் வர்க்க நிலையைச் சார்ந்ததே.

துப்புரவுத் தொழிலாளரின் மகியாவை

1865ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர ஆட்சியைத் தோற்றுவித்தது. வீதியைத் துப்புரவாக்குதல், கழிவகற்றல், வடிகால் பேணல் ஆகியன அதன் தலையாய கடமைகளாயின. இக்கடமைகளை நிறைவேற்றியவர் எவர் என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பைத் தென்னிந்தியாவிலிருந்து பெற்ற அதே ஆட்சி, நகரின் துப்புரவுப் பணிக்கும் அங்கிருந்தே உழைப்பைப் பெற்றது. தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர், அருந்ததியர் உட்பட, மாநகர சபைத் தொழிலாளராக அமர்த்தப்பட்டனர். வாளி மலசலகூடங்களின் காலத்தில் மலக்கழிவைச் சுமந்தவரும், வீதியைக் கூட்டியவரும், அடைபட்ட வடிகாலில் இறங்கியவரும் இவர்களேயாவர். நகரின் வடபுறத்தே, பொது மயானம் அமைந்த மகியாவையில் இவர்கள் குடியேற்றப்பட்டனர். தோட்டத்து லயன் வரிசைகளை ஒத்த ஒற்றை அறைகளே வீடுகளாயின. தோட்டத்தில் துரையும் கங்காணியும் வகித்த இடத்தை இங்குச் சபை அதிகாரியும் மேற்பார்வையாளரும் வகித்தனர். வேலை இருக்கும்வரை அறை. வேலை நீங்கின் அறையும் நீங்கும் என்ற நிலை தோட்டத்துக்கும் நகரத்துக்கும் பொதுவாக இருந்தது.

கலிங்க ரியூடர் சில்வா, சிவப்பிரகாசம், தங்கேஸ் ஆகியோர் பதிப்பித்து 2009இல் வெளிவந்த இலங்கையின் சாதிப் பாகுபாடு பற்றிய ஆய்வு, கண்டித் துப்புரவுத் தொழிலாளரின் நிலையைத் தனியே எடுத்து ஆராய்கின்றது. தாம் வாழும் இடத்தின் பெயரே சாதி அடையாளமாகக் கொள்ளப்படுவது நகர வாழ்வின் ஒரு கொடுமையாகும். முகவரியைக் கூறியவுடன் கேட்பவரின் முகம் மாறும் நிலையைத் திட்டப் படங்களின் எந்த நிறமும் காட்டுவதில்லை. சாதி அழிந்துவிட்டது என்று கூறுவோர், மாநகர சபையின் துப்புரவுப் பகுதியில் தந்தையின் தொழிலை மகனும் பேரனும் செய்து வந்தமைக்குக் காரணம் கூறுதல் வேண்டும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களையும் நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகை பிரித்தது. குடியுரிமையற்றோர் பலரின் நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே ஒருவாறு தீர்க்கப்பட்டது. வாக்கில்லாத மக்கள் வாழ்ந்த நிலத்துக்கு மாநகர சபை உறுப்பினர் எவரும் பதிற்சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டின்மீது உறுதியில்லை, நாட்டின்மீது உரிமையில்லை, தொழிலில் மதிப்பில்லை என்ற மும்முனைத் தாழ்வே மகியாவையின் வரலாறாகும். அசுத்தத்தை அகற்றியவர் அசுத்தமானவராகக் கணிக்கப்பட்டனர்; அவர் வாழ்ந்த நிலமும் அவ்வாறே கணிக்கப்பட்டது.

கொஹாகொடையும் கங்கையும்

நகரின் கழிவு நகரை விட்டு எங்கோ செல்ல வேண்டும். கண்டியின் குப்பை பல தசாப்தங்களாகக் கட்டுகஸ்தோட்டைக்கு அண்மையில், மகாவலிக் கரையை அடுத்த கொஹாகொடையிற் கொட்டப்பட்டு வந்துள்ளது. நாளொன்றுக்கு நூறு தொன்னுக்கு மேற்பட்ட குப்பை அங்குச் சேர்ந்தது. வீட்டுக் கழிவும் சந்தைக் கழிவும் தொழிற்கழிவும் பிரிக்கப்படாது ஒரே மேடாகக் குவிந்தன. மழைநீர் அம்மேட்டினூடே இறங்கிக் கருநிறக் கசிநீராகக் கங்கையை நோக்கி வடிகின்றது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் இக்கசிநீரையும் அதிலுள்ள பார உலோகங்களையும் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்து எழுதி வந்துள்ளனர்.

இங்கு ஒரு வரலாற்று முரண்பாட்டைக் கவனித்தல் வேண்டும். 1976இல் மகாவலித் திட்டத்தின்கீழ்ப் பொல்கொல்லையில் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதனால் கட்டுகஸ்தோட்டையை ஒட்டிய கங்கையின் ஓட்டம் தளர்ந்தது. விரைந்தோடும் ஆறு அழுக்கைச் சுமந்து சென்றுவிடும் என்ற பழைய நம்பிக்கைக்கு இடமில்லாது போயிற்று. அணையிலிருந்து மலையைக் குடைந்து செல்லும் சுரங்க வழியாக உக்குவளை மின்நிலையத்தை அடையும் நீர், பின்னர் உலர் வலய வயல்களுக்குப் பாய்கின்றது. மகாவலியே கண்டிப் பகுதியின் குடிநீருக்கும் ஊற்றாகும். மாநகரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் மெத எல கங்கையிற் கலக்கும் அதே கெட்டம்பேயில் உள்ளது. இவ்வாறு, நகரம் தனக்கு வெளியே எறிந்ததாகக் கருதிய கழிவு, தன் குடத்துக்கும் பிறர் வயலுக்கும் திரும்பி வரும் வழியில் இருந்தது.

இத்தகைய குப்பை மேடு எத்துணை அபாயமானது என்பதை 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் நிகழ்ந்த சரிவு காட்டிற்று. 32 பேர் அதில் மாண்டனர். மாண்டோர் அக்குப்பையை உற்பத்தி செய்த பெருநகரின் மாளிகைவாசிகளல்லர். குப்பை வந்து தம் வீடுகளைச் சூழ்வதை எதிர்த்துப் போராடிய எளிய மக்கள். மூடப்பட்ட குப்பை மேட்டைப் பசும்புல் விரித்துப் பூங்காவாக்கலாம் என்ற ஆலோசனைகள் பிறக்கும்போது, அங்கு முதலிற் புதைந்தவர் யார் என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும்.

சட்டங்களும் வரைபடங்களும்

இலங்கையின் நகரத் திட்டமிடல் சட்டங்களின் வளர்ச்சியைச் சுருக்கமாக நோக்குவோம். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் கொள்ளைநோய் அச்சத்தின் பின்னணியிற் பிறந்தது. நெருக்கமான குடியிருப்புகளை இடிக்கும் அதிகாரம் அதில் முதன்மை பெற்றது. 1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கான திட்டத்தை வரைந்தார். 1946ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் நிலப் பயன்பாட்டை வலயப்படுத்தும் முறையை விரிவாக்கியது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையைத் தோற்றுவித்தது. திறந்த பொருளாதாரக் கொள்கை தொடங்கிய மறு ஆண்டிலேயே இச்சபை பிறந்தமை பொருள் பொதிந்தது. நிலம் குடியிருக்கும் இடம் என்ற நிலையினின்று முதலீட்டைக் கவரும் பண்டம் என்ற நிலைக்கு மாறிய காலம் அது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டமும், 1981இல் அமைந்த மத்திய சுற்றாடல் அதிகார சபையும், 1988ஆம் ஆண்டுத் திருத்தம் கொணர்ந்த சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு முறையும் முன்னேற்றமான படிகளே. எனினும் இவை இனி நிகழக்கூடிய மாசைக் கட்டுப்படுத்துவதையே முதன்மையாகக் கொண்டவை. ஏற்கெனவே மாசுற்ற நிலத்தை இனங்கண்டு, பட்டியலிட்டு, அதன் பொறுப்பாளரை நிர்ணயிக்கும் தனிச்சட்டம் இங்கு வளரவில்லை. ஆகவே ஒரு காணி கைமாறும்போது அதன் உறுதியில் எல்லையும் பரப்பும் எழுதப்படுகின்றன. அம்மண்ணில் என்ன ஊறியுள்ளது என்பது எழுதப்படுவதில்லை.

அண்மைக் காலத்திற் கண்டிக்கெனத் திட்டங்கள் பல வந்துள்ளன. 2010இல் ஜப்பானியக் கடனுதவி ஒப்பந்தத்துடன் தொடங்கிய கழிவுநீர்த் திட்டம் கன்னொருவையில் சுத்திகரிப்பு நிலையத்தை அமைத்தது. 2014இல் உலக வங்கியின் கடனுடன் கண்டியையும் காலியையும் உள்ளடக்கிய நகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. 2018இல் பாரிய கண்டி நகரத் திட்டம் வரையப்பட்டது. 2019 முதல் 2030 வரையான அபிவிருத்தித் திட்டம் தொடர்ந்தது. பழைய குட்செட் நிலத்தில் பலவகைப் போக்குவரத்துக்குமான பெரும் நிலையம் எழும்பத் தொடங்கியது. இவற்றுட் கழிவுநீர்த் திட்டம் போன்றவை மக்களுக்கு மெய்யான நன்மை தருவன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. சேறு படிந்த கால்வாயைக் கண்டு மனம் பொருமியோர் அதனை வரவேற்கவே செய்வர். ஆயினும் கடனை அளிப்போர் எதிர்பார்ப்பது நில மதிப்பின் உயர்வு. அவ்வுயர்வு யாரைச் சென்றடையும், யாரை வெளியேற்றும் என்பது திட்ட அறிக்கைகளின் மையப் பொருளாக அமைவதில்லை.

இரு மீளபிவிருத்திகள்

கண்டியிலேயே நிகழ்ந்த இரு மாற்றங்களை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது.

முதலாவது ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை. பல ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்த அந்நான்கு மாடிக் கட்டடம் 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய தொழிலகத்தை இடிக்காது மறுபயன்படுத்தியமை பாராட்டத்தக்கது. உருளைகளும் சல்லடைகளும் எண்ணெயிட்டுப் பேணப்படுகின்றன. ஜேம்ஸ் டெயிலர் நினைவுகூரப்படுகின்றார். ஆனால் அக்கட்டடத்துக்குக் கொழுந்தைக் கூடையிற் சுமந்து வந்த பெண்ணின் பெயர் எங்கே? இயந்திரத்தின் நினைவு காக்கப்படும் அளவுக்கு உழைப்பின் நினைவு காக்கப்படவில்லை. அருங்காட்சியகத்துக்கு வெளியே ஹந்தானைச் சரிவுகளில் அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்னும் வாழ்கின்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

இரண்டாவது போகம்பரைச் சிறைச்சாலை. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலையிலுள்ள தும்பறைச் சிறைக்கு மாற்றப்பட்டனர். நகரின் நடுவே பெறுமதி மிக்க நிலம் ஒன்று வெறுமையாயிற்று. அதனைக் கலாசார, வர்த்தக, உல்லாசப் பயண நோக்கங்களுக்கு உரியதாக்கும் ஆலோசனைகள் எழுந்தன. 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் நோயுற்ற கைதிகளைத் தனிமைப்படுத்த அதே கட்டடம் மீண்டும் பயன்பட்டது. நகரம் மறைக்க விரும்புவனவற்றை வைக்கும் இடமாகவே போகம்பரை இருநூறு ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்தது. அந்நிலத்தின் விலை உயர்ந்ததும், மறைக்க வேண்டியவை நகருக்கு வெளியே அனுப்பப்பட்டன. 1990களின் கைத்தொழிற் பூங்காவும் அப்பல்லேகலையிலேயே அமைந்தது. மையத்தைத் தூய்மையாக்கி, தொழிலையும் தண்டனையையும் கழிவையும் விளிம்புக்குத் தள்ளும் இத்தர்க்கம், விளிம்பு மற்றொரு நகரமாக வளரும்போது அதே பிரச்சினையை அங்குப் புதிதாக்கும்.

நமது பல்கலைக்கழகமும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. பற்றிக் அபர்குறோம்பி, கிளிபட் ஹொலிடே ஆகியோரின் திட்டத்துக்கமைய எழுந்த பேராதனை வளாகம் முன்னாட் பெருந்தோட்டக் காணியில் நிற்கின்றது. மரங்களின் வரிசையையும் மண்டபங்களின் எழிலையும் போற்றும் நாம், அம்மண்ணில் முன்னர் உழைத்தவர் எங்குச் சென்றனர் என்று வினவினோமா? பிறரைக் குறைகூறுமுன் இவ்வினாவை நமக்கே எழுப்புதல் தகும்.

பிற இடங்களின் படிப்பினை

மாசுற்ற நிலம் பற்றிய சட்டச் சிந்தனைக்கு அமெரிக்காவின் நயாகரா நகரத்து லவ் கனால் ஒரு தொடக்கப் புள்ளியாகும். இரசாயனக் கம்பனி ஒன்று கழிவைப் புதைத்த கால்வாய் நிலத்தை 1953இல் பாடசாலைச் சபைக்கு ஒரு டொலருக்கு விற்றது. புதைத்தவை பற்றிய குறிப்பும், பின்வரும் தீங்குக்குத் தான் பொறுப்பல்ல என்ற வாசகமும் உறுதியில் இருந்தன. எனினும் அந்நிலத்திற் பாடசாலையும் அயலில் வீடுகளும் எழுந்தன. நோய்களைக் கண்டு குடியிருப்பாளர் கிளர்ந்தெழுந்தபின், 1978இல் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. 1980இல் மாசுபடுத்தியவரைப் பொறுப்பாளியாக்கும் சட்டம் வந்தது. நிலத்தின் நினைவு எழுதப்பட்டிருந்தாற்கூட, அதனை வாசிக்கக் கடமைப்பட்ட நிறுவனம் இல்லாவிடிற் பயனில்லை என்பதே இதன் பாடம்.

தமிழகத்தில் நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு கொடைக்கானல் ஆகும். அதுவும் கண்டியைப்போல் உல்லாசப் பயணிகள் நாடும் மலைநகரம். 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து 2001இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. பதினைந்தாண்டுப் போராட்டத்தின் பின், 2016இல், முன்னாட் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு கண்டது. மண்ணை எந்த அளவுக்குத் தூய்மையாக்குவது என்ற விவாதம் அதன் பின்னும் தொடர்ந்தது. ஒரு கிலோகிராம் மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் எஞ்சலாம் என்ற அளவுகோலை, மேலைநாட்டில் இவ்வாறு விட்டுச்செல்ல இயலுமா எனக் கேட்டுச் செயற்பாட்டாளர் எதிர்த்தனர். தூய்மை என்பதன் அளவே நாட்டுக்கு நாடு, மக்களுக்கு மக்கள் வேறுபடுகின்றது என்பதை இவ்விவாதம் வெளிப்படுத்தியது.

நம் நாட்டிலேயே சுன்னாகத்து வழக்கு முக்கியமானது. அனல் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரிற் கலந்தமை பற்றிய வழக்கில், 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என அது கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு அதில் வலியுறுத்தப்பட்டது. கிணற்று நீரை முகர்ந்தறிந்த சாதாரண மக்களின் குரலே அத்தீர்ப்பின் ஊற்றாகும். சட்டம் அக்குரலைப் பின்தொடர்ந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம்.

முதலாவதாக, கண்டிப் பகுதியின் ஒவ்வொரு பழைய தொழில் நிலத்துக்கும் போக்குவரத்து நிலத்துக்கும் கழிவு நிலத்துக்கும் ஒரு முன்வரலாற்றுப் பதிவேடு வேண்டும். அங்கு என்ன செய்யப்பட்டது, எவ்வளவு காலம் செய்யப்பட்டது, மண்ணிலும் நீரிலும் எஞ்சியது என்ன என்பன அதில் இடம்பெறல் வேண்டும். காணி உறுதியோடும் வலயத் திட்டத்தோடும் அப்பதிவேடு இணைதல் வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் பொதுமக்கள் வாசிக்கக்கூடியதாகவும் அது அமைதல் அவசியம்.

இரண்டாவதாக, அப்பதிவேட்டில் மக்களும் இடம்பெறல் வேண்டும். மண்ணிற் படிந்த ஈயத்தை அளக்கும் ஆய்வு, அம்மண்ணின்மேல் மூன்று தலைமுறை வாழ்ந்தவரின் குடியிருப்பு உரிமையையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். நிலம் மாசுற்றிருந்தபோது அதில் வாழ அனுமதிக்கப்பட்டோர், அது தூய்மையானபின் அங்கு வாழத் தகுதியற்றோராக்கப்படுதல் நீதியாகாது. மகியாவை மக்களுக்கு உறுதியுடன் கூடிய வீடு வழங்கப்படாத எந்நகரத் திட்டமும், நிறங்கள் எத்துணை அழகாயிருப்பினும், குறைபாடுடையதே.

மூன்றாவதாக, தூய்மையாக்கும் பணி தொழிலாளரின் உடலைப் பலியிடும் பணியாக இருத்தல் கூடாது. கால்வாயிலும் குப்பை மேட்டிலும் இறங்குவோர்க்குத் தக்க பாதுகாப்பும் நிரந்தர நியமனமும் மருத்துவ வசதியும் கிடைத்தல் வேண்டும். அத்தொழிலிற் பிறப்பால் அமர்த்தப்படும் வழக்கம் ஒழிதல் வேண்டும்.

வரலாற்று மாணவராகிய நாம் மண்ணைச் சோதிக்கும் கருவிகளை உடையோம் அல்லோம். ஆனால் பழைய படங்களையும் சபை அறிக்கைகளையும் வாசிக்கவும், முதியோரின் நினைவுகளைக் கேட்டு எழுதவும் நம்மால் இயலும். குட்செட் என்ற பெயரின் பின்னால் ஒரு பண்டசாலை இருந்ததுபோல, மகியாவை என்ற பெயரின் பின்னால் ஒரு நூற்றாண்டின் உழைப்பு உள்ளது. அவ்வுழைப்பை எழுதி வைக்கும் பணி நம்முடையது. அதனைச் செய்யாது நாம் விடுவோமாயின், நாளை எழும் புதிய கட்டடத்தின் அடித்தளத்தில் அந்நினைவும் புதைந்துபோகும்.